இழுத்துப் பார்க்கிறவள்

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயர் தேவைக்கு மேலேயே சொல்லப்பட்டுவிட்டது. டீச்சர் என்றே வைத்துக்கொள்கிறேன். அதுவும் என் வீட்டுக்காரர் ஆரம்பித்து வைத்த வழக்கம்தான்.

எதைக் கையில் கொடுத்தாலும் இழுத்துப் பார்ப்பாள். கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் போகும் சாலையில் எங்கள் வீடு. பக்கத்துப் போர்ஷனுக்கு அவள் குடிவந்த அன்று, அவசரத்துக்கு ஆகட்டும் என்று கொஞ்சம் சர்க்கரையை பாலிதீன் கவரில் போட்டுக் கொடுத்தேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர், சொந்த ஊர் திருக்கோவிலூர், முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை என்பதைத் தவிர அவளைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. சர்க்கரையைக் கிண்ணத்தில் கொட்டினாள். கவரை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுத்தாள். அது நடுவில் மெலிந்து, வெளுத்து, நீண்டுகொண்டே போனது.

"பாருங்கக்கா, சுருண்டு கெடந்ததெல்லாம் இப்ப நேரா நிக்குது" என்றாள்.

என்ன நேராக நிற்கிறது என்று நான் கேட்கவில்லை. நல்ல கவர் போச்சே என்று இருந்தது எனக்கு. அந்தக் காலத்தில் கவரைக் கழுவிக் காயவைத்து, கிழியும்வரை வைத்துக்கொள்வோம்.

அப்புறம் ஒருநாள் என் தலைமுடியை இழுத்தாள். தலையில் இருந்ததை இல்லை, தோளில் உதிர்ந்து கிடந்த ஒற்றை முடியை. விரலில் இரண்டு சுற்று சுற்றி இழுத்துவிட்டு, "நல்லா தாங்குதுக்கா. இதுவும் சங்கிலிதான், தெரியுமா?" என்றாள். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் என் முடியைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அதைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னது இவள் ஒருத்திதான். அதுவும் தாங்குகிறது என்று. அழகாக இருக்கிறது என்று சொன்னால் குறைந்தா போய்விடுவாள்?

என் வீட்டுக்காரருக்கு பைப் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. போர்வெல் போடுகிறவர்கள், கரும்புக்குத் தண்ணீர் இழுக்கிறவர்கள், மலை மேலிருந்து வருகிறவர்கள் என்று கடையில் எப்போதும் ஆள் இருக்கும். அவர்களோடு வாய் ஓயாமல் பேசுவார். நடுக்கதவைத் தாண்டி வீட்டுக்குள் கால் வைத்தால் அந்த வாய் மூடிக்கொள்ளும். சோறு போடு, தண்ணி குடு, விளக்கை நிறுத்து, அவ்வளவுதான். அடித்ததில்லை, திட்டியதில்லை. ஆனால் ஒரு விஷயத்தை எடுத்துவைத்து என்னோடு உட்கார்ந்து பேசியதும் இல்லை. நகை வேண்டும், புடவை வேண்டும் என்று நான் அவரைக் கேட்டதே கிடையாது. என்னோடு பேச வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பருப்பு கடைந்துகொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் அவள் குழாய்க்கு மாட்ட ஓஸ் வாங்கவேண்டும் என்று கடைக்குள் வந்தாள். வந்ததும் ஓஸை இழுத்துப் பார்த்தாள், அதைச் சொல்லவேண்டுமா.

"அண்ணே, இது எதுல பண்றது?"

"பிளாஸ்டிக்தான் டீச்சர்."

"பிளாஸ்டிக்னா இன்னா?"

இத்தனை வருஷமாக விற்கிறவர் முழித்தார். "கம்பெனிலருந்து வருது" என்றார். அவள் சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருக்கலாம், அவருக்கும் கோபம் வந்து அன்றோடு கதை முடிந்திருக்கும். நடுக்கதவுப் பக்கம் திரும்பி, "அக்கா, ஊக்கு இருக்கா?" என்று கேட்டாள்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் அவசரத்துக்கு ஆகும் என்று தாலிச் சரட்டிலேயே நாலைந்து ஊக்கு கோத்து வைத்திருப்போம். கேட்டவளுக்கு இல்லை என்றா சொல்வது? சரட்டை வெளியே எடுத்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தேன். என் தாலிச் சரட்டு ஊக்குகளை ஒன்றோடு ஒன்று கோத்துக் காட்டி என் வீட்டுக்காரருக்கு அவள் பாடம் நடத்தினாள்.

"இதெல்லாம் ஒரு வாயுன்னு வச்சுக்குங்கண்ணே. ஒவ்வொரு ஊக்கும் வாயை மூடிக்கினு தனியா திரியுது. தனியா இருக்கறதால காத்து மாதிரி பறக்குது. சூடு பண்ணி, அழுத்தம் குடுத்து, ஒண்ணே ஒண்ணோட வாயை மட்டும் நாம தொறந்துட்டா போதும். அது பக்கத்துல இருக்கறதைத் தொறந்து மாட்டிக்கும். அது அடுத்ததைத் தொறக்கும். இப்படி ஆயிரம் பத்தாயிரம்னு மாட்டிக்கினு நீளமா போயிரும். அவ்ளோ நீளமானது பறக்குமா? ஒண்ணோட ஒண்ணு இடியாப்பம் மாதிரி சிக்கிக்கினு கெடக்கும். அதான் உங்க ஓஸ்."

"அப்ப இந்த சாம்பல் கலர் பைப்பு?"

"அதுவும் அப்படித்தான். ஒவ்வொரு ஊக்குலயும் ஒரு குளோரின் தொங்கும், மணி கோத்த மாதிரி. அதனால ஒண்ணு மேல ஒண்ணு வழுக்காது. வெறப்பா நிக்கும்."

அவர் ஊக்குச் சங்கிலியை வாங்கி ஆட்டிப் பார்த்தார். "தனியா இருக்கறது பேரு இன்னா டீச்சர்?"

"மோனோமர்."

"சேந்தது?"

"பாலிமர்."

அந்தச் சொல்லை அவர் வாய்க்குள் மெதுவாக ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். என் பெயரை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மறுநாள் காலை சங்கிலியைக் கழற்றி, ஊக்குகளைப் பழையபடி சரட்டில் மாட்டிக்கொண்டேன். அவர் கடை முழுக்கத் தேடினார்.

அதற்குப் பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடைப் பலகையில் கொஞ்ச நேரம் உட்காருவாள். "அக்கா, நீங்களும் வாங்க" என்று கூப்பிடுவாள். அடுப்பில் வேலை இருக்கிறது என்பேன். போய் உட்கார்ந்தால் அவளுக்கு நான் மாணவி ஆகிவிடுவேன், அந்த வேலை நமக்கு ஆகாது. ஆனால் அடுப்பை நடுக்கதவுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டேன், ஒரு வார்த்தை தப்பாமல் காதில் விழும். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். முந்தானை விலகாது, பேச்சு தடம் மாறாது. குறை சொல்ல ஒன்றுமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒருநாள் மரவள்ளிக்கிழங்கு பேச்சு வந்தது. மலையிலிருந்து ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு லாரி போய்க்கொண்டிருந்த மாதம். கிழங்கும் பாலிமர்தான் என்றாள். சர்க்கரைத் துண்டுகள் வரிசையாகக் கோத்துக்கொண்டால் மாவு, ரொம்ப நேரம் மென்றால் எச்சில் அதைத் துண்டாக்கிவிடும், அப்போது இனிக்கும் என்றாள். பருத்தியும் அதே சர்க்கரைதானாம், கோத்த விதம்தான் வேறாம், அதனால்தான் நம்மால் வேட்டியைத் தின்று செரிக்க முடியாதாம். இதற்கு அவர் சிரித்த சிரிப்பு கொல்லை வரை கேட்டிருக்கும்.

அன்றைக்குக் கிழங்கு வேகவைத்து, தேங்காய் துருவிப் போட்டு, தாளித்துத் தட்டில் வைத்தேன். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி மென்றார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார். கடைசியில் கண்ணைத் திறந்து, "ஆமா, இனிக்குது" என்றார். எத்தனை வருஷமாகப் பொங்கிப் போடுகிறேன். உப்பு கம்மி, காரம் ஜாஸ்தி என்றுகூட ஒரு வார்த்தை வந்ததில்லை. அந்த இனிப்பு என் சமையலில் இல்லையாம், அவள் பாடத்தில் இருந்ததாம். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

டம்ளர் விஷயம் அதைவிட மோசம். ஆடி மாதம் பாயசம் வைத்தேன். பக்கத்தில் தனியாக இருப்பவளுக்குக் கொடுக்காமல் குடிக்க மனசு வரவில்லை. என் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரில், என் அம்மா வீட்டுச் சீரில் வந்தது அது, ஊற்றிக் கொடுத்தேன். வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. இரண்டு பழமோ, ஒரு பிடி அரிசியோ, ஒன்றும் இல்லையென்றால் ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போட்டுத்தான் தருவோம். அவளும் அதை மறக்கவில்லை.

பாயசம் வைத்ததற்கு முன்தினம் கடையில் அவர் பைப் முனையை நெருப்பில் காட்டி இளக்கி, இன்னொரு பைப்பை உள்ளே சொருகிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு, "எல்லா பிளாஸ்டிக்கும் இப்படி இளகாதுண்ணே. ஒரு ஜாதி இருக்கு, ஒருதடவை இறுகிச்சுன்னா அவ்ளோதான். நாளைக்குக் காட்டறேன்" என்று சொல்லியிருந்தாள். மறுநாள், ஒரு கரும்புக்காரர் கடையில் வைத்துவிட்டுப் போயிருந்த மூட்டையிலிருந்து யூரியா உரம் ஒரு பிடி, பள்ளிக்கூடத்தில் தவளையை ஊறப்போட்டு வைக்கிற பார்மலின் கொஞ்சம், அமிலம் சில சொட்டு, மூன்றையும் கலந்திருக்கிறாள். எதில் கலந்தாள்? கைக்குக் கிடைத்த என் டம்ளரில்.

"அக்கா, வெறும் டம்ளரா குடுக்கக் கூடாதுன்னு" என்று சிரித்துக்கொண்டே நீட்டினாள். உள்ளே வெள்ளை வெளேர் என்று கல் மாதிரி இறுகிக் கிடந்தது. வாடையில் கண் எரிந்தது. தட்டினேன், கவிழ்த்தேன், தேங்காய் உடைக்கிற கல்லில் அடித்தேன். அசையவில்லை.

"வராதுக்கா. சங்கிலிங்க குறுக்கும் நெடுக்குமா கட்டிப்போட்டுக்கினு இருக்கு. டயர்ல கந்தகம் போட்டு ரப்பரைக் கட்டறாங்களே, அந்த மாதிரி. வேற டம்ளர் வாங்கித் தரேன்."

எனக்கு வேறு டம்ளர் எதற்கு? அவரோ அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய் நெருப்பில் காட்டினார். ஓரம் கருகியதே தவிர இளகவில்லை. "இளகல பாரு, இளகல பாரு" என்று ஆகாயத்தைப் பிடித்தவர் போலச் சொன்னார். கடை மேஜையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். வெளியே என் பெயர், உள்ளே அவள் வித்தை. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்காமல் நடக்கக் கற்றுக்கொண்டேன்.

அடுத்த வருஷம் வெயில் காலத்தில் கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் உள்ள சின்ன ஊர். ஊற்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர எங்கள் கடையில்தான் சாம்பல் கலர் பைப் வாங்கியிருந்தார்கள்.

"பைப்பு பொறுபொறுன்னு ஒடையுதுங்க. ஆடு மிதிச்சாலே நொறுங்குது. பொம்பளைங்க மறுபடியும் குடத்தைத் தூக்கிக்கினு ஊத்துக்குப் போவுறாங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. மட்டமான சரக்கு விற்றவர் என்று மலையில் பேர் வந்தால் அப்புறம் ஒருத்தரும் படியேற மாட்டார்கள். பலகையில் உட்கார்ந்திருந்தவள், "ஞாயித்துக்கெழம நான் வந்து பாக்கறேன்ண்ணே" என்றாள்.

நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். "நானும் வரேன்."

"நீ எதுக்கு?" என்றார் அவர்.

"மலை பாக்க."

கள்ளக்குறிச்சியிலேயே பிறந்து வளர்ந்தும் மலை ஏறியதில்லை நான். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது நீலமாகத் தெரியும், அவ்வளவுதான் எனக்கும் மலைக்கும் சம்பந்தம். ஜீப்பில் அவர் ஒரு ஓரம், அவள் ஒரு ஓரம், நடுவில் நான். வளைவுக்கு வளைவு இரண்டு பேர் மேலும் மாறி மாறிச் சாய்ந்தேன். என்னைத் தாண்டி அவர்கள் பைப் பேச்சே பேசிக்கொண்டு வந்தார்கள்.

பாறை மேலும் சரிவிலும் பைப் வெறுமனே கிடந்தது. அவள் குந்தி உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்தாள். வழக்கம்போல் இழுக்கப் பார்த்தாள், அப்பளம் மாதிரி உடைந்தது. மேலே வெள்ளையாகப் படிந்திருந்த தூளை விரலில் தேய்த்தாள்.

"சரக்கு நல்ல சரக்குதான். வெயில்தான் பண்ணியிருக்கு. வெயில் படப்பட சங்கிலி துண்டு துண்டா அறுந்துபோவும். நீளமா இருக்கறவரைக்கும்தான் அதுக்கு பலம். மண்ணுல பொதைச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

"பாறைல எங்கம்மா பொதைக்கறது?" என்றார் மலைக்காரர்.

"அப்ப கறுப்பு ஓஸ் போடுங்க. அதுல கரி கலந்திருக்கும். வெயிலை அந்தக் கரியே வாங்கிக்கும், உள்ள விடாது."

மலைக்காரர் தலையாட்டினார். என் வீட்டுக்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஆசைப் பார்வை என்றால் எனக்கு என்ன செய்வது என்று தெரியும். சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பேன். அது மரியாதைப் பார்வை. அதற்காக எந்த ஊர்ப் பஞ்சாயத்தில் போய் நிற்க முடியும்? அங்கே ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்து, தண்ணீர் வேண்டும் என்று கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இறங்கும்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தேங்காய் எண்ணெயும் லேபில் ஒட்டிக்கொண்டு வந்த அமில வாடையும் சேர்ந்து அடித்தது. தூக்கத்தில் என் முந்தானை ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தட்டிவிட்டிருக்கலாம். ஊர் வரும்வரை தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

கறுப்பு ஓஸ் போட்டதும் ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டது. மலைக்காரர் இரண்டு பலாப்பழம் கொண்டுவந்து இறக்கினார், ஒன்று டீச்சரம்மாவுக்கு, ஒன்று எங்களுக்கு. பெரியது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அவள் இரண்டு வருஷத்துக்கு மேல் எங்கள் பக்கத்தில் இருந்திருப்பாள். பிறகு திருநாவலூர்ப் பக்கம் மாற்றலாகிவிட்டது. செய்தி கேட்ட அன்று நன்றாகத் தூங்கினேன், மறைப்பானேன். சாமான் ஏற்ற வண்டி பிடித்ததும் கயிறு கட்டியதும் எல்லாம் அவர்தான். கிளம்பும்போது அவள் என் இரண்டு கையையும் பிடித்து, மெதுவாகத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஒருநாள்கூட வந்து உக்காரவே இல்லையேக்கா நீங்க."

"வேலை இருந்திச்சி" என்றேன்.

அவள் போனால் அவள் பங்குப் பேச்சு எனக்கு வந்து சேரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. கடை மூடினதும் பழையபடி சோறு போடு, தண்ணி குடு. சில நாள் சாயந்திரம் கடைப் பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் இருந்தபோதாவது நடுக்கதவு வழியாக அவர் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். சங்கராபுரத்தில் ஒரு கல்யாணம். முதல்நாள் அவர் வேட்டிக்குக் கஞ்சி போட்டேன். மிச்சக் கஞ்சியைக் கொட்ட மனசில்லாமல் என் நைலெக்ஸ் நைலான் புடவையையும் அதிலேயே முக்கிப் பிழிந்து கொடியில் போட்டேன். காலையில் எடுக்கப் போனால் வேட்டி பலகை மாதிரி நிற்கிறது. புடவை எப்போதும்போல் வழுக்குகிறது. உதறினேன், கஞ்சி பொடிப்பொடியாகக் கொட்டியது. கொடியடியிலேயே நின்றுவிட்டேன். ஒரே கஞ்சி, ஒரே வெயில், இதில் மட்டும் ஏன் ஒட்டவில்லை?

கஞ்சி மாவு. மாவு சர்க்கரைச் சங்கிலி. பருத்தியும் அதே சர்க்கரை. ஒரே ஜாதிச் சங்கிலிகள், ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கின்றன. நைலெக்ஸோ ஆலையில் செய்த வேறு ஜாதி. அதில் பிடித்துக்கொள்ள இதற்கு இடமில்லை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. என் கொடியில், நான் காய்ச்சிய கஞ்சியில், நானே கண்டுபிடித்தேன். அந்த மாடிப்படியை அவ்வளவு வேகமாக நான் இறங்கியதில்லை.

அவர் டெர்லின் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். "இன்னாங்க, இந்த வேட்டில கஞ்சி ஏன் ஒட்டுது, என் பொடவைல ஏன் ஒட்டல, சொல்லுங்க பாக்கலாம்" என்றேன்.

பொத்தானை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஏன்?"

சொன்னேன். வேட்டியை ஒரு கையிலும் புடவையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு நேரமாகிறது என்ற நினைப்பே அவருக்கு இல்லை. நடுவில் நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "அப்புறம்?" என்றார். என்னைப் பார்த்து அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. புடவையை வாங்கி உதறிப் பார்த்தார், கொட்டிய பொடியை விரலில் தொட்டுப் பார்த்தார். மாதக்கணக்காக நான் பார்க்காத சிரிப்பு அவர் முகத்தில் வந்தது.

"டீச்சர் லெட்டர் போட்டிருக்காங்களா?" என்று கையை நீட்டினார். "எங்க, குடு பாக்கலாம்."